148 அல்ல, 184

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த அரசியல் பத்தியை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கண்ணாடி இல்லாமல். இரண்டாம் தரம் கண்ணாடியோடு. மூன்றாம் தரம் மச்சான் பக்கத்தில் நின்று விரல் வைத்துக் காட்டக் காட்ட. மூன்று தரமும் தலைவர் தெரிவில் வென்றவருக்கு 148 வாக்கு என்றுதான் இருந்தது.

184, ஐயா. 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சிக்குத் தலைவர் தெரிவு நடந்தது. சிறீதரன் 184, சுமந்திரன் 137. யோகேஸ்வரன் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். வித்தியாசம் 47. உங்கள் பத்தியாளர் இலக்கத்தை இடம் மாற்றிப் போட, அது 11 ஆகிவிட்டது. அன்றைக்கு இதே பத்திரிகைதான் சரியான கணக்கை முதல் பக்கத்தில் போட்டது. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ல வரவில்லை.

சரி, அச்சுப் பிழை யாருக்கும் வரும். என்னை உறுத்தியது அதற்குக் கீழே இருந்த வசனம். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் பல சபைகளில் தமிழரசுக் கட்சியின் சின்னமான வீடு முதலாவதாக வந்ததைச் சொல்லிவிட்டு, ‘வழிதவறியவர்கள் வீடு திரும்பினர்’ என்று எழுதியிருக்கிறார். நல்ல சிலேடைதான். வாசித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த வழிதவறியவர்களில் ஒருவன் என் வீட்டிலேயே இருக்கிறான், காலையில் அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறவள் என் மனைவி. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சாவகச்சேரியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். இடம்பெயர்ந்து ஓடிய காலங்களைக் கழித்தாலும் முப்பது வருடத்துக்குக் குறையாது. சைக்கிள் கடைக்காரன் சைக்கிள் சின்னத்துக்குத்தானே போடுவான் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருத்தர் பகிடி விடாமல் இருந்ததில்லை. ரியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, ‘தொழில் வேறை, கொள்கை வேறை’ என்று சொல்லுவேன். அந்தச் சின்னத்தில் நிற்கும் தமிழ்க் காங்கிரஸ்காரர்களின் சைக்கிளுக்கும் ஒட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு வோட்டுப் போட்டதில்லை.

என் முதல் வாக்கு 1977இல், சூரியனுக்கு. அம்மாவின் காலத்தில் அது வீடு. அப்புறம் தமிழர் விடுதலைக் கூட்டணி வந்ததும் எல்லோரும் சூரியனுக்கு மாறினோம். 2004இல் அந்தச் சூரியனுக்கு யார் உரித்தாளர் என்று வழக்கு நடந்து, சின்னம் கைவிட்டுப் போய், பழைய வீடு திரும்ப வந்தது. தேர்தலுக்கு நாள் கிட்டியிருந்தது. எழுபது தாண்டிய அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்து, பழைய கணக்குக் கொப்பி மட்டையில் வீட்டுப் படம் கீறிக் காட்டினேன். அவ பார்த்துவிட்டு, ‘இதையேன் கீறிக்கொண்டு நிக்கிறாய், இது எங்கட பழைய வீடெல்லே’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அந்தத் தேர்தலில் வீட்டில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 22 ஆசனம். அந்த 22 பற்றி வேறு கதைகளும் உண்டு, அதை எழுத இந்தத் தாள் போதாது. நான் சொல்ல வந்தது, சின்னம் மாறினாலும் பின்னால் வந்த சனம் இது. வழி தெரியாத சனம் இல்லை.

தலைவர் தெரிவு நடந்த மாதிரியை நான் குறை சொல்லமாட்டேன். 1949இல் தொடங்கிய கட்சி. வாக்குப் பெட்டி வைத்துத் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் பொதுச்சபைக்குப் போன ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 184, 137 என்று எழுதினேன். தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். அந்தப் படத்தை உங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி, பசை கைக்குக் கிட்ட இல்லாததால் பஞ்சர் சொலூசன் பூசியே கடைச் சுவரில் ஒட்டினேன்.

ஒரு கிழமை தாங்கவில்லை. பொதுச்செயலாளர் பதவிக்குக் குழப்பம். மாநாடு ஒத்திவைப்பு. பெப்ரவரியில் வைக்க இருந்த மாநாட்டுக்கும் எதிராகத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. 184 பேர் தெரிவு செய்த தலைவர் தலைவராகக் கதிரையில் இருக்கவேயில்லை. எங்கள் ஊரில் அதுவரை ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள் இரண்டு வாங்கு தேடத் தொடங்கினார்கள். மச்சான் தோற்றவர் பக்கம், நான் வென்றவர் பக்கம். அவர் ஒன்றரை வருடம் கடைப் பக்கம் வரவில்லை. அவருடைய சைக்கிளுக்குக் காற்றுப் போனால் கொடிகாமம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார் என்று கேள்வி. அவ்வளவுக்குப் போயிருக்கமாட்டார், ஆனால் என்னிடம் வரவில்லை என்பது உண்மை.

அந்த வருடம் ஜூன் 30 கட்சியின் மூத்த தலைவர் சம்பந்தன் ஐயாவும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இருத்தி அதட்டுகிறதுக்கும் ஆள் இல்லாமல் போனது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். கட்சி வவுனியாவில் கூடிச் சஜித் பிரேமதாசவுக்கு என்று முடிவெடுத்தது. தலைவராகத் தெரிவானவர் சங்குக்கு. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனும் வீட்டுக்காரர்தான். ஒரே கட்சிக்காரர் மூன்று பேரிடம் வழி கேட்டால் மூன்று திசை. இதில் வழிதவறியது யார் என்று உங்கள் பத்தியாளரைத்தான் கேட்கவேண்டும்.

நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு நாள் காலையில் இரண்டு பெடியள் வந்து நோட்டீஸ் தந்தார்கள். வீட்டுக்குப் புள்ளடி, பிறகு விருப்பு வாக்கு இந்த வேட்பாளரின் இலக்கத்துக்கு. ‘மற்ற இலக்கத்துக்கு மட்டும் போட்டுடாதேங்கோ ஐயா’ என்று மெதுவாகச் சொன்னார்கள். பின்னேரம் வேறு இரண்டு பேர், வேறு இலக்கம், அதே வேண்டுகோள். எந்த இலக்கம் என்று எழுதமாட்டேன். காலை வந்தவர்களின் நோட்டீஸ் மேசையில் கிடந்ததைப் பின்னேரம் வந்தவர் எடுத்து மடித்துத் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனார். எதிர்க்கட்சி நோட்டீசை இப்படி யாரும் எடுத்துக்கொண்டு போனதை நான் கண்டதில்லை.

உள்ளே இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் மகன். ‘அப்பா, உங்கட ஆக்கள் ஆளையாள் தோற்கடிக்கத்தான் வோட்டுக் கேக்கினம், நான் அதுக்கு உதவி செய்யிறன்’ என்று சொல்லிவிட்டுப் போய்த் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டான். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் போய் 2006இல் பிரித்தெடுத்தது ஜேவிபி. அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாணம் 80,830 வாக்குப் போட்டது. மூன்று ஆசனம். வீட்டுக்கு 63,327, ஒரே ஒரு ஆசனம். அவனோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. ஆனால் வழிதவறிவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டையும் சைக்கிளையும் கூட்டிப் பாருங்கள், 91,313 வருகிறது. சங்கிலும் மாம்பழத்திலும் நின்ற மற்றத் தமிழ்க் கட்சிகளை நான் கூட்டவேயில்லை. வாக்கு எங்கேயும் போகவில்லை, ஐயா. வாங்குகிறவர்கள்தான் சிதறி நின்றார்கள். மட்டக்களப்பில் ஐந்தில் மூன்றை வீடு எடுத்ததே, அங்கே சனம் மட்டும் வழி தெரிந்த சனமா?

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் புள்ளடி போட்டேன். விருப்பு வாக்கு ஒரு இலக்கத்துக்கும் போடவில்லை. வெறுமையாக விட்டு மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். வீட்டில் கூடச் சொல்லவில்லை. நாற்பத்தேழு வருடத்தில் எனக்கு நானே ஒளித்துச் செய்த மாதிரி இருந்தது அந்த ஒரு வேலைதான். உங்கள் பத்தியாளரின் கணக்கில் நான் வீடு திரும்பியவனா, வீட்டிலேயே இருந்தவனா, படலைக்கு வெளியில் நின்றவனா?

கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார். அதே தொகுதி 1956இல் அவரைத் தூக்கி வைத்தது, கட்சிக்குப் பத்து ஆசனம். இடையில் இருந்த நாலு வருடமும் அவர் தன் வேலையைப் பார்த்தார். கட்சியே காங்கிரசைவிட்டு வெளியில் வந்தவர்கள் தொடங்கியதுதானே. பிரிந்து வந்தவர்களின் கட்சிக்கு, பிரிந்துபோன வாக்காளனைப் பற்றி இவ்வளவு சலிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். தலைவர் தெரிவுக்கு அடுத்த மாதமே, மாநாட்டை நடத்துங்கள் என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. அந்த இடத்தில் சுண்ணாகத்திலிருந்து யாரோ எழுதிய கட்டாக்காலி மாடுகள் பற்றிய கடிதம் வந்தது. மாடுகளும் வழிதவறியவைதான், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். மாநாடு எப்போது என்று கட்சியிடம் நீங்கள்தான் கேட்டுச் சொல்லவேண்டும் என்று எழுத நினைத்தேன். அதை விட்டுவிட்டேன். திருத்தம் மட்டும் போடுங்கள், 148 அல்ல 184 என்று. சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அதே பத்தி வரும் பக்கத்தில் வேண்டும். ஏனென்றால் அந்த 11ஐக் காட்டத்தான் மச்சான் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கடைக்கு வந்தார். பேப்பரைத் திருத்த வந்த சைக்கிளின் சீற்றில் விரித்து, ‘பாதிக் கட்சி எங்கட பக்கம், பாரும்’ என்றார். கடன் கொப்பியை எடுத்துக் காட்டினேன். ‘நீர் எழுதினதை நம்பவோ, பேப்பரில வந்ததை நம்பவோ?’ என்று கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. வரும் ஞாயிறும் பேப்பரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
சாவகச்சேரி.