அடிபட்ட மானின் இரத்தத் தடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் நடக்கும் மான் வேட்டையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தோட்டாவின் வேகத்தை விரிவாகச் சொன்னதே தவிர, அடிபட்டு ஓடி மறையும் மானை எப்படித் தேடுவது என்பதைத் தொடவே இல்லை. உடலுக்குள் நுழைந்ததும் முனை காளான் போல விரியும் தோட்டா அகலமான காயத்தை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மறுபுறம் வெளியேறாமல் உள்ளேயே தங்கி, அடியும் மேற்பக்கமாகப் பட்டிருந்தால், இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கிவிடுவதால், நுரையீரலில் காயம்பட்ட மான்கூடத் தரையில் ஏறக்குறைய எதுவுமே சிந்தாமல் ஓடிவிடக்கூடும்.

சருகின்மேல் கிடக்கும் துளியைக் குனிந்து பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக, சிறு குமிழிகளோடு நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கல்லீரல். பச்சை கலந்து நாற்றம் வீசினால் இரைப்பை அல்லது குடல். குடலில் அடிபட்டதை உடனே துரத்தினால், படுத்த இடத்திலிருந்து எழுந்து மேலும் வெகுதூரம் போய்விடும். பல மணி நேரம் பொறுத்திருந்து, பழக்கிய மோப்ப நாயோடு செல்வதே முறை. ஒருமுறை நான் அவசரப்பட்டுத் தொடர்ந்து தடத்தைத் தவறவிட்டேன். அந்த உயிர் எங்கே கிடந்து துடித்ததோ என்ற வேதனை இன்றும் நீங்கவில்லை. இது குறித்தும் விரிவாக எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்