கடல்நீரை இப்போதே அளந்து வையுங்கள்

ஐயா,

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிப் பேச்சு வந்தாலே சின்னமுட்டம் மீனவர்களிடம் எழும் கேள்வி, "ஏதாவது ஆச்சுன்னா கதிரியக்கம் கடல்ல கலந்திருக்கான்னு எப்படித் தெரியும்?" என்பதுதான். கதிர்வீச்சை அளக்கும் கையடக்கக் கருவியைத் தண்ணீருக்கு மேல் பிடித்தால் தெரியாது. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் லிட்டருக்குச் சுமார் 12 பெக்கெரல் (கதிரியக்கத்தின் அலகு) இருக்கிறது. 2011 புகுஷிமா விபத்துக்கு முன் ஜப்பான் கடலோரத்தில், அணு உலையில் உண்டாகும் சீசியம்-137 ஆயிரம் லிட்டருக்கே ஓரிரு பெக்கெரல்தான். அந்தச் சிறு அளவைப் பிடிக்க, குடம் குடமாக நீரெடுத்து, அமிலம் சேர்த்து, சீசியத்தை மட்டும் படியவைத்து, ஈயக் கவசத்துக்குள் ஜெர்மானியம் உணர்கருவியில் மணிக்கணக்கில் எண்ண வேண்டும். சீசியம்-134 சேர்ந்து தென்பட்டால் கசிவு அண்மையது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 2 ஆண்டுதான். 137 மட்டும் என்றால் பழைய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமாகவும் இருக்கலாம்.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம், அதில் இயற்கையாகவே கதிர்வீசும் தோரியம். அந்தக் கரையில் கருவி சும்மாவே டிக் டிக்கென்று அடிக்கும். அதைக் காட்டி இன்று பயமுறுத்தலாம். நாளை உண்மையிலேயே கசிந்தால் "மணலின் இயல்பு" என்று தட்டிக்கழிக்கவும் செய்யலாம். வதந்தி ஒன்று போதும், மீன் விலை போகாது.

எனவே சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் பருவந்தோறும் நீர், அடிமண், பாறைச் சிப்பி மூன்றையும் அளந்து, அளவுகளைத் தமிழில் ஏலக்கூடத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

வாசகர், குளச்சல்