நிறத்தோடு கோடுகளும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தோற்றங்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, ஆறும் காற்றும் பனியும் நிலத்தை எவ்வாறு அரித்தும் படியவைத்தும் மாற்றுகின்றன என்பதைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் அதனுடன் வந்த வரைபடங்கள் தாழ்நிலத்துக்குப் பச்சை, மேட்டுநிலத்துக்கு மஞ்சள், உயர்மலைக்குப் பழுப்பு என்று பெரும்பாலும் நிறத்தையே நம்பியிருந்தன. பச்சையைக் கண்டதும் அங்கே வயலும் காடும் இருப்பதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலின் கரை இத்தகைய படங்களில் பச்சையாகத் தெரிவதுண்டு. உண்மையில் அது வறண்ட பாலை. நிறம் உயரத்தைத்தான் சொல்கிறது, அந்த நிலத்தை உருவாக்கியது எது என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல வல்லவை, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள். பூமியின் அடர்த்தியை அறிய 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் தொடங்கிய ஆய்வில் கணக்கீட்டுப் பொறுப்பை ஏற்ற கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், தாளெங்கும் சிதறிக் கிடந்த உயர எண்களுள் சமமானவற்றைக் கோட்டால் இணைத்தபோது, மலையின் வடிவம் ஒரே பார்வையில் புலப்பட்டது.

ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கோடும் ஆற்றைக் கடக்குமிடத்தில் கூராக மடங்கும். அந்த முனை ஆறு இறங்கிவரும் மேட்டுத் திசையையே காட்டும். நீலக் கோடு வரையப்படாத சிற்றோடையைக்கூட இந்த மடிப்பைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளாகிய பனியாறு குடைந்த பள்ளத்தாக்கிலோ, இருபுறச் செங்குத்துச் சுவர்களிலும் கோடுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவிலுள்ள அகன்ற தளம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கும். அச்சுவரின் மேலிருந்து ஓர் ஓடை அருவியாக விழுமானால், பெரிய பனியாற்றின் ஆழத்துக்கு ஈடாகக் குடைய இயலாத கிளைப் பனியாறு விட்டுச்சென்ற தொங்கு பள்ளத்தாக்காக அது இருக்கக்கூடும். மலையடிவாரத்தில் கோடுகள் சமவெளியை நோக்கி விசிறியாக வளைந்திருந்தால், வேகம் தணிந்த நீர் தன் கல்லையும் மணலையும் அங்கே இறக்கிவைத்திருக்கிறது என்று பொருள். இவையெல்லாம் கட்டுரையில் சொல்லப்பட்ட செயல்களே. படத்தில்தான் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

மேடுபள்ளம் புலப்பட நிழல் தீட்டிய படங்களை நான் வேண்டாமெனச் சொல்லவில்லை. ஒளி படத்தின் மேல் இடப்பக்கத்திலிருந்து விழுவதாகத் தீட்டுவதே வழக்கம். கீழிருந்து விழுந்தால் பள்ளம் முகடாகவும் முகடு பள்ளமாகவும் கண்ணுக்கு மாறிவிடும். தங்கள் படங்களுள் ஒன்றில் இதுவே நேர்ந்துள்ளது.

இனி வெளியிடும் படங்களில் சம உயரக் கோடுகளைச் சேர்ப்பதுடன், அளவையையும் கோடுகளுக்கிடையிலான உயர வேறுபாட்டையும் ஓரத்தில் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன். 20 மீட்டருக்கு ஒரு கோடு வரைந்த படத்தில், 15 மீட்டர் உயரமுள்ள பாறைமேடு எந்தக் கோட்டிலும் படாமல் மறைந்துபோகலாம். அந்த உயர வேறுபாட்டை அறியாத வாசகர் அவ்விடத்தைச் சமதரை என்றே கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்