ஞாயிறு கேட்பு அமர்வு: ஐரிஷ், பால்கன், கிளெஸ்மர்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, ஐரிஷ், பால்கன், கிளெஸ்மர் ஆகிய மூன்று நாட்டார் இசைகளையும் கலந்து வாசிக்கும் குழுக்களின் பதிவுகளைச் சேர்ந்து கேட்கவிருக்கிறோம். இந்தக் கலப்பு நேற்றுத் தோன்றியதன்று. 1968இல் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் சுற்றித் திரிந்த ஐரிஷ் நாட்டார் இசைக் கலைஞர் ஆண்டி இர்வின் அங்குக் கேட்ட தாளங்களை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார். அவர் இடம்பெற்ற பிளாங்க்ஸ்டி குழு 1979இல் வெளியிட்ட தொகுப்பில் பல்கேரிய நடன இசையொன்றையும் வாசித்தது. கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியமான பூசூக்கி 1960களில் அயர்லாந்துக்கு வந்து, உருண்ட முதுகு தட்டையாகி, இன்று அந்த மண்ணின் வாத்தியமாகவே ஆகிவிட்டது.

ஐரிஷ் நடன இசையான ஜிக் ஆறு எண்ணிக்கையில் சீராக ஓடும். பல்கேரிய நடன இசையான ரச்செனிட்சாவோ இரண்டு, இரண்டு, மூன்று என ஏழில் நடக்கும். கர்நாடக இசையின் மிஸ்ர சாப்பு தாளம் பழகியவர்களுக்கு ஏழு புதிதல்ல. ஆனால் அதில் முதலில் வரும் மூன்று இங்கே கடைசியில் விழுவதால், முன்கூட்டியே கைதட்டிப் பழகிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிளெஸ்மர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண வீடுகளில் வளர்ந்த இசை. அதில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் சுரவரிசை நம் வகுளாபரண ராகத்தின் சுரங்களையே கொண்டது. கொண்டாட்டத்தின் நடுவே கிளாரினெட் ஒரு சுரத்தின் முடிவில் விம்மி அறுந்து நிற்கும். அந்த விம்மலுக்காகவே இந்த இசையை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒலிபெருக்கியில் அது நழுவிவிடும் என்பதால், இயன்றவர்கள் ஹெட்போனுடன் இணையுங்கள்.