பொருளோடு அதன் விவரமும் காக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நீல் ரோடு 157ஆம் எண்ணில் அமைந்துள்ள, பெரனாக்கான் (இந்த வட்டாரத்தில் குடியேறி உள்ளூரில் மணமுடித்த வணிகர்களின் வழிவந்தோர்) குடும்பத்தின் பழைய வீடான பாபா இல்லத்தை அண்மையில் குடும்பத்துடன் பார்த்து வந்தேன். அங்கே கண்டவற்றை முன்வைத்து, நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோளை விடுக்க விரும்புகிறேன்.

1895ஆம் ஆண்டுவாக்கில் கட்டப்பட்ட அந்த நீல நிற வீடு, கப்பல் வணிகத்தில் புகழ்பெற்ற வீ பின்னின் வழித்தோன்றல்களுக்குச் சொந்தமாக இருந்தது. மலாக்காவில் பிறந்த அரசியல் தலைவர் துன் டான் செங் லொக்கின் மகள் தம் தந்தையின் நினைவாக வழங்கிய 4 மில்லியன் வெள்ளி நன்கொடையைக் கொண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதை 2006இல் வாங்கிச் சீரமைத்து, 2008இல் திறந்தது. முன்பதிவு செய்துகொண்டுதான் செல்ல வேண்டும். அது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். கூட்ட நெரிசல் இருந்தால் அந்த வீட்டை ஒரு வீடாக உணரவே முடியாது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது பொருள்களின் அழகைவிட, அவை இருக்கும் இடத்தின் பொருத்தம். முன்கூடத்தில் முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள் விருந்தினருக்கானவை; அதைத் தாண்டிய கூடத்தில் முன்னோரை வணங்கும் பீடம்; நடுவே வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் திறந்தவெளி; அதற்கும் அப்பால் அடுப்படி. நம் ஊர் முற்றம் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். மாடியில் படுக்கையறைத் தரையில் ஒரு சிறு துளை இருக்கிறது. குனிந்து அதன் வழியே பார்த்தால், கீழே வந்திருப்பவர் யார் என்று தெரியும். ஆடவர் முன்னால் எளிதில் வந்து நிற்க முடியாத பெண்கள் வீட்டு நடப்பை எப்படி அறிந்துகொண்டார்கள் என்பதை, எத்தனை பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக விளக்கிவிட முடியாது. அதே துளையுள்ள பலகையைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தால், அது வெறும் ஓட்டைப் பலகையாகவே இருந்திருக்கும்.

கீழ்த்தளமும் அதற்கு மேல்தளமும் 1928ஆம் ஆண்டுவாக்கில் இருந்த நிலையில் அமைக்கப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட காலத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்ட முடிவதற்குக் கட்டடம் நிலைத்திருப்பது மட்டும் போதாது. எந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் பயன்படுத்தினார் என்ற விவரமும் கிடைக்க வேண்டும். தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் தெங் நியா வீட்டை நாம் எல்லாரும் அறிவோம். 1900இல் கட்டப்பட்டு, 1980களில் சீரமைக்கப்பட்ட அந்த வீட்டைக் காப்பாற்றியது பெரிய காரியம்தான். ஆயினும் அதன் வண்ணச் சுவர்களுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் நமக்கு, அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

பெரனாக்கான் என்றாலே சீனர் என்று எண்ணுவோர் நம்மில் பலர். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து வணிகம் செய்ய வந்து, அங்கேயே மணமுடித்து, மலாய் பேசிக்கொண்டும் இந்து சமயத்தை விடாமலும் வாழ்ந்துவரும் மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்களே. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், 2018இல் அவர்களைப் பற்றிச் சிறப்புக் கண்காட்சி நடத்தியது. இத்தகைய கண்காட்சிகளின் உயிர், குடும்பங்கள் பாதுகாத்துத் தரும் பொருள்களிலும் நினைவுகளிலும்தான் இருக்கிறது.

நம் வீடுகளிலும் பொருள்களுக்குக் குறைவில்லை. கப்பலில் வந்த தகரப் பெட்டி, மளிகைக்கடைத் தராசு, பாட்டியின் ஆட்டுக்கல், கடற்படைத் தளத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்த தாத்தாவின் அடையாள அட்டை எனப் பலவும் கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கும், அங்கிருந்து சேமிப்பறைக்கும் நகர்ந்துவிட்டன. பெரியவர் ஒருவர் மறைந்ததும் அவை குப்பைக்குப் போகின்றன. இல்லையேல், எந்த விவரமும் இன்றி யாருக்கோ கொடுக்கப்படுகின்றன. பொருளைக் கொடுப்பதற்கு முன் அது வீட்டில் எங்கே இருந்தது, யார் வாங்கினார், எந்த நாள்களில் வெளியே எடுக்கப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதி, அது இருக்கும் இடத்திலேயே படமெடுத்து உடன் வைப்பது யாராலும் முடிகிற வேலை.

ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ் மொழி விழாவில் இதற்கென ஒரு நிகழ்ச்சி சேர்க்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குடும்பங்கள் ஆளுக்கொரு பழைய பொருளைக் கொண்டுவரலாம். பள்ளி மாணவர்கள் அந்தந்த வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு அதன் விவரத்தைத் தமிழில் பதிவு செய்யலாம். இந்திய மரபுடைமை நிலையத்தின் வல்லுநர்கள் பதிவு முறையைக் கற்றுத் தரலாம். சமூக அமைப்புகளும் தமிழாசிரியர்களும் இதைப் பரிசீலித்து, இந்தப் பகுதியிலேயே தங்கள் கருத்துகளைத் தெரிவித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்