பத்துத் திறன்களும் ஒரு கயிறும்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை பரவாயில்லை. ஊரில் பிசானத்துக்கு நாற்றுப் பாவிவிட்டார்கள்.

மாணவர் நலப் பொறுப்பு உன் தலையிலும் விழுந்துவிட்டதே! 'இதற்கு எனக்கு என்ன தகுதி?' என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாகவே படித்துவிட்டு வருகிறார்கள். கல்லூரி மாணவர் நலப் பணியாளர்களுக்கான ஏ.சி.பி.ஏ., நாஸ்பா என்ற இரண்டு சங்கங்கள் சேர்ந்து 2010இல் திறன் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, 2015இல் திருத்தின. அறநெறி, சட்டம், சமூகநீதி, தொழில்நுட்பம், ஆலோசனை என்று மொத்தம் பத்து. ஒவ்வொன்றிலும் மூன்று படிநிலைகள். நமக்குக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றதுதான் பயிற்சி.

அந்தப் பட்டியலை வைத்து எனக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். ஒரே நிபந்தனை: இந்த ஆண்டு நடந்த சம்பவம் ஒன்றைப் பக்கத்தில் எழுத முடிந்தால்தான் மதிப்பெண். சட்டத்தில் அப்படி ஒரு சம்பவம் எழுதித் தேறிவிட்டேன்; 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டமும் யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகளும் மனப்பாடம். தொழில்நுட்பத்தில் பூஜ்யம் என்றிருந்தேன். ஆனால் களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வரவில்லை. ஆதார் இணைப்பு பழைய கணக்கிலேயே கிடந்ததைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தது நான்தான். போட்டுக்கொண்டேன்!

செய்த வேலையின் பலனை அளந்து பார்க்கும் 'மதிப்பீடு' என்ற திறனில்தான் தாளம் தப்பியது. போதை ஒழிப்புப் பேரணி நடத்துகிறோம், படம் எடுக்கிறோம், கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் குழுவுக்கான கோப்பில் சேர்க்கிறோம். பேரணிக்குப் பிறகு என்ன மாறியது என்று எந்தக் கல்லூரியில் பார்க்கிறார்கள், சொல்?

பட்டியலுக்குள் அடங்காத ஒன்று நம் பக்கத்துக் கைக்கயிறு. பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்ய நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. பள்ளி முடித்த பையன் அடுத்து நம் வாசலுக்குத்தானே வருகிறான்? கழற்றச் சொல்வது விதிமுறை. யார் கட்டிவிட்டது என்று உட்காரவைத்துக் கேட்பது ஆலோசனை. அதைப் பார்த்துக் கடைசி பெஞ்சுக்கு ஒதுங்கும் இன்னொரு பையனைக் கவனிப்பது சமூகநீதி. மூன்றும் ஒரே மேசையில், ஒரே பத்து நிமிடத்தில் நடந்தாக வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் கயிறு சட்டைப் பைக்குப் போகும். வாசல் தாண்டியதும் கைக்குத் திரும்பும்.

தன் விடைத்தாளைத் தானே திருத்துவதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எங்கள் விடுதிக் காப்பாளரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். மனிதர் முகதாட்சண்யம் பார்க்கமாட்டார். உனக்கும் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். சம்பவங்களோடு நிரப்பி, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்