எண்ணெய் நிறுவனப் பங்குகளின் பி.இ. வரைபடம் குறித்த புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
பங்குத் தரகு நிறுவனம்.

பொருள்: இந்தியன் ஆயில், எச்.பி.சி.எல். (இந்துஸ்தான் பெட்ரோலியம்) பங்குகளின் ஐந்தாண்டு பி.இ. விகிதம் (விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த எண்) தவறாக வருவது.

ஐயா / அம்மையீர்,

சந்தா கட்டுபவர்களுக்கென்று உங்கள் செயலியில் இருக்கும் பி.இ. வரைபடம் இந்த இரண்டு பங்குகளுக்கும் பிழையாக இருக்கிறது. உதவி மையத்தில் கேட்டால் 'தரவு வெளியிலிருந்து வருகிறது' என்பதே பதில். பிழை தரவில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது.

2022 ஜூலையில் இந்தியன் ஆயில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கை இலவச போனஸாகக் கொடுத்தது. அதற்கு முந்தைய விலைகளை மூன்றில் இரண்டாகக் குறைத்துக் காட்டுகிறீர்கள், சரி. இ.பி.எஸ்.ஸை (ஒரு பங்குக்கான லாபத்தை) மட்டும் பழையபடியே விட்டுவிட்டீர்கள். 2022 மார்ச் இறுதியில் விலை சுமார் 119 ரூபாய், அந்த ஆண்டின் இ.பி.எஸ். சுமார் 26 ரூபாய். ஆக பி.இ. 4.5. உங்கள் வரைபடமோ 79-ஐ 26-ஆல் வகுத்து 3 என்கிறது. விலையைத் திருத்தினால் இ.பி.எஸ்.ஸையும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் தொடாமல் விட்டிருந்தால்கூட விடை சரியாக வந்திருக்கும்!

எச்.பி.சி.எல். 2022-23-இல் தனிக்கணக்கில் (துணை நிறுவனங்களைச் சேர்க்காத கணக்கு) 8,974 கோடி ரூபாய் நட்டம் கண்டது. நட்ட ஆண்டுக்கு பி.இ. என்று ஒன்று கிடையாது. நீங்கள் 0 என்று போட்டு அதையும் சராசரியில் சேர்க்கிறீர்கள். மற்ற நான்கு ஆண்டுகளும் 5 என்றால் சராசரி 5. உங்கள் முறையில் 4. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

தலைப்பில் 'ஒருங்கிணைந்த கணக்கு' (துணை நிறுவனங்களையும் சேர்த்தது) என்று இருந்தாலும் சில காலாண்டுகளில் தனிக்கணக்கு கலந்திருக்கிறது. இந்தியன் ஆயிலின் சென்னை பெட்ரோலியம் போன்ற துணை நிறுவனத்தின் லாபம் ஒரு புள்ளியில் இருக்கிறது, அடுத்ததில் காணோம்.

இவற்றைவிட ஆபத்தானது 'மலிவு' என்ற பச்சை முத்திரை. இந்தியன் ஆயிலின் தனிக்கணக்கு லாபம் 2022-23-இல் 8,242 கோடி, அடுத்த ஆண்டு 39,619 கோடி, 2024-25-இல் 12,962 கோடி. 2023 மார்ச்சில் பி.இ. சுமார் 13, விலை சுமார் 78 ரூபாய். உங்கள் முத்திரை சிவப்பு. ஓராண்டில் விலை 168-ஐத் தொட்டு, பி.இ. 6-க்கு இறங்கியதும் பச்சை. 2025 மார்ச்சில் விலை 128 அளவில் நின்றது. வாங்க வேண்டிய இடத்தில் சிவப்பும் யோசிக்க வேண்டிய இடத்தில் பச்சையும் காட்டியிருக்கிறீர்கள். பேரலுக்கு 12.05 டாலராக இருந்த ஜி.ஆர்.எம். (கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதில் கிடைக்கும் மொத்த லாபம்) ஒரே ஆண்டில் 4.80 ஆகிவிடும் தொழில் இது. லாபம் உச்சியில் இருக்கும்போதுதான் பி.இ. அடியில் தெரியும்.

போனஸ் திருத்தத்தைச் சரிசெய்யுங்கள். தனிக்கணக்கா, ஒருங்கிணைந்ததா என்று ஒவ்வொரு புள்ளியிலும் குறிப்பிடுங்கள். எண்ணெய்ப் பங்குகளுக்கு இந்த முத்திரையை எடுத்துவிட்டு, ஐந்தாண்டு சராசரி இ.பி.எஸ்.ஸால் இன்றைய விலையை வகுத்த எண்ணையும் பக்கத்தில் காட்டுங்கள். சந்தாத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளத்தில் இப்புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்

இணைப்பு: மேற்சொன்ன தேதிகளுக்கான வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள்